வைத்தியத்துக்கும் டைம்டேபிள் வேண்டும்

மருத்துவத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, 1981-ல் ரயில்வேயில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, 39 ஆண்டுகள் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் காலம் தள்ளியவன். சக்கரம், பிரேக், ஸ்பிரிங், பேரிங் இவைதான் நான் பார்த்த நோயாளிகள். 2020-ல் ஓய்வு பெற்றேன்.

ஆனால் ரயில்வேக்காரனுக்கு ஒரு பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும். ஒரு வண்டி தாமதமாக வந்தால், எங்கே எத்தனை நிமிடம் ஓடியது, எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று கணக்குப் பார்ப்பான். நின்ற நேரத்துக்கு எங்கள் பாஷையில் 'டிடென்ஷன்' என்று பெயர். அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்ணோடு ஆஸ்பத்திரிகளைப் பார்க்கும்படி ஒரு நிலைமை எனக்கு 2021 டிசம்பரில் ஏற்பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலை நேரம்

நாகபுரியின் டிசம்பர் குளிர் நம் சங்கத்தினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பின் ரயில்வே குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, ஊரின் மறுகோடியில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். விடியற்காலை 5.40 மணி. என் மனைவி வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். காப்பி டம்ளரை என்னிடம் நீட்டினாள். டம்ளர் கை நழுவி விழுந்தது. "என்னம்மா?" என்றேன். பதில் வந்தது, ஆனால் வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

பித்தம் என்று நினைத்தேன். குளிரில் நின்றதால் இருக்கும் என்று நினைத்தேன். படுக்க வைத்துக் கம்பளி போர்த்தினேன். சுடச்சுட வெந்நீர் கொடுத்தேன். அது கடைவாயில் வழிந்தது. (பேச்சு குழறுபவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, புரையேறினால் ஆபத்து என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.) புனேயில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். அவன் தனக்குத் தெரிந்த டாக்டரைக் கேட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னான். காத்திருந்தேன். 6.50-க்குத்தான் பக்கத்து வீட்டு மராட்டிய நண்பரின் கதவைத் தட்டினேன். அவர் என்னை 'அண்ணா' என்பார். நான் அவரை 'பாவ்' என்பேன். சட்டைகூட மாற்றாமல் காரை எடுத்தார்.

பிறகு நடந்ததை என் டைரியில் எழுதி வைத்த கணக்கின்படியே தருகிறேன்.

வீட்டில் 5.40 முதல் 6.50 வரை, 70 நிமிடம். பக்கத்து நர்ஸிங் ஹோமுக்குப் பிரயாணம், 15 நிமிடம். அங்கே டாக்டர் வரும்வரை காத்திருந்தது, 75 நிமிடம். டாக்டர் பார்த்தது 10 நிமிடம். கடிதம் எழுதி, பில் கட்டி, வெளியே வந்தது 20 நிமிடம். அங்கே ஸ்கேன் வசதி இல்லாததால் வேறோர் இடத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குப் பிரயாணம், 20 நிமிடம். அங்கே காத்திருந்தது 40 நிமிடம். ஸ்கேன் எடுத்தது 10 நிமிடம். பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிரயாணம், 25 நிமிடம்.

மொத்தம் 285 நிமிடம். மணி 10.25. அங்கிருந்த நரம்பியல் டாக்டர் இளைஞர், மிகவும் பண்பானவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு இவர்கள் நன்றாக இருந்தார்கள்?" என்பது. "5.40" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், இப்போது கால் மணி கடந்துவிட்டது என்றார். கட்டி அடைத்திருப்பது மிகச் சிறிய குழாய், அதனால் கம்பி விட்டு எடுக்கும் வைத்தியத்துக்கும் வழியில்லை என்று விளக்கினார்.

பேச்சு எட்டு மாதத்தில் தேறியது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை.

அந்தக் கணக்கைப் பிறகு எத்தனையோ இரவுகள் பார்த்துவிட்டேன். 285 நிமிடத்தில் வண்டி ஓடியது 60 நிமிடம். வேலை நடந்தது 20 நிமிடம். மீதி 205 நிமிடம் நின்ற நேரம். அதில் முதல் 70 நிமிடத்துக்குப் பொறுப்பாளி நானே. ஒரு எக்ஸ்பிரஸ் வண்டியை இப்படி நிறுத்தி வைத்திருந்தால் என் பேரில் சார்ஜ் ஷீட் வந்திருக்கும்.

நிமிடத்துக்கு 19 லட்சம்

அந்த ஊசிக்கு ஏன் கெடு? மூளையின் ரத்தக் குழாய் அடைபட்டால், அதற்கு அப்பால் உள்ள நரம்பணுக்கள் பிராணவாயு கிடைக்காமல் மடியத் தொடங்குகின்றன. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நிபுணர் கணக்கிட்டார். மடிந்த பகுதிக்கு மீண்டும் ரத்தம் பாய்ச்சுவதில் பலன் குறைவு. ரத்தக் கசிவு ஏற்படும் அபாயமும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இந்த ஊசிக்கு அமெரிக்கா 1996-ல் அனுமதி தந்தபோது கெடு மூன்று மணி நேரம். 2008-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சிக்குப் பிறகு நாலரை மணி ஆயிற்று. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் முறை 2015 முதல் உறுதிப்பட்டது; தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்று 2018-ல் தெரிந்தது.

ஊசி போட்ட எல்லாரும் எழுந்து ஓடுவார்கள் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. பக்கவாதம் இரண்டு வகை. ஒன்று அடைப்பு; மற்றொன்று ரத்தக் கசிவு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கசிவு உள்ளவருக்கு இந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சி.டி. ஸ்கேன்தான். ஆகவே ஸ்கேன் இல்லாத இடத்துக்கு நோயாளியை முதலில் கொண்டு போவது, பயணிகளை ஏற்றிக்கொண்டு முட்டுப் பாதையில் வண்டியை விடுவதற்குச் சமம்.

ஹெல்சிங்கியின் பிட் லைன்

ஓய்வு நேரத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்று உண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து ஊசி போடும் வரை ஆகும் நேரம் 1998-ல் 105 நிமிடமாக இருந்தது. 2011-ல் அது 20 நிமிடம். புது மருந்து எதுவும் இல்லை. அதே ஊசிதான். வேலைகளின் வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

என்ன செய்தார்கள்? ஆம்புலன்ஸில் இருப்பவர் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுவார். நோயாளியின் பழைய விவரங்களை, அவர் வந்து சேரும் முன்பே எடுத்து வைத்துவிடுவார்கள். உறவினரிடம் கேட்க வேண்டியதைப் போனிலேயே கேட்டுவிடுவார்கள். ஸ்கேன் கருவியை அவசர சிகிச்சைப் பகுதிக்கே கொண்டு வந்தார்கள். வார்டில் படுக்க வைத்து, பிறகு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழக்கத்தை விட்டார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் நேராக ஸ்கேன் அறைக்குப் போகும். ஊசி மருந்தைத் தயாராக வைத்திருந்து, கசிவு இல்லை என்று தெரிந்ததும் ஸ்கேன் மேஜையிலேயே போட்டுவிடுவார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பிட் லைன்தான் ஞாபகம் வந்தது. நீண்ட தூரம் ஓடி வந்த வண்டி ஒன்றைப் பராமரிக்கப் பிட் லைனில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தருவார்கள். அந்த நேரத்துக்குள் அடியில் ஒரு கூட்டம் பிரேக் கட்டைகளைப் பார்க்கும். பக்கவாட்டில் ஒரு கூட்டம் பெட்டியைக் கழுவும். உள்ளே எலெக்ட்ரீஷியன் விளக்கையும் ஏ.சி.யையும் பார்ப்பார். மற்றொருவர் தண்ணீர் நிரப்புவார். எல்லாம் ஒரே சமயத்தில். ஒருவர் முடித்தபின் அடுத்தவர் என்று வைத்துக்கொண்டால் இன்று போக வேண்டிய வண்டி நாளைக்குத்தான் போகும். என் மனைவியின் விஷயத்தில் நடந்தது அதுதான். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒருவர் பின் ஒருவராக, வெவ்வேறு இடங்களில் செய்தார்கள்.

இன்னொன்று. வண்டி பிளாட்பாரத்தில் நுழையும்போதே எங்கள் ஆட்கள் இருபுறமும் குந்தி உட்கார்ந்து ஓடும் சக்கரங்களைப் பார்ப்பார்கள். எந்தப் பெட்டியில் என்ன தொங்குகிறது, எந்த அச்சு சூடாகியிருக்கிறது என்று வண்டி நிற்கும் முன்பே தெரிந்துவிடும். ஆம்புலன்ஸிலிருந்து வரும் முன்னறிவிப்பும் இதே சூத்திரம்தான். நோயாளி வந்தபின் நோயைத் தேடாதே. வரும்போதே தெரிந்து வைத்துக்கொள்.

இந்த ஹெல்சிங்கி முறையை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஓர் ஆஸ்பத்திரி 2012-ல் கையாண்டது. பகல் வேலை நேரத்தில் 25 நிமிடத்துக்கு வந்தார்கள். இரவிலும் விடுமுறை நாட்களிலும் அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. ஷிப்ட் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு டிப்போவின் தரம் இரவு இரண்டு மணிக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியே தேடி வந்தால்

நோயாளியை வேகமாகக் கொண்டுபோவது ஒரு வழி. ஆஸ்பத்திரியே நோயாளியிடம் போவது மற்றொரு வழி. இதில் உலகத்துக்கே முன்னோடி நம் ரயில்வே என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. 1991 ஜூலை 16 அன்று 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' என்ற ஆஸ்பத்திரி ரயில் தன் பணியைத் தொடங்கியது. ஜீவன் ரேகா என்றும் சொல்வார்கள். இம்பாக்ட் இந்தியா அறக்கட்டளை நடத்த, ரயில்வே பெட்டிகளைக் கொடுத்தது. முதல் முகாம், அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள கலாரியில். மூன்று பெட்டிகளோடு தொடங்கியது, 2016-ல் புற்றுநோய்க்கான இரண்டு பெட்டிகள் சேர்ந்தபின் ஏழு பெட்டிகளாயிற்று. கண்புரை, உதட்டுப் பிளவு, போலியோவால் வளைந்த கால், காதுக் கோளாறு ஆகியவற்றுக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். டாக்டர்கள் சம்பளம் வாங்காமல் வந்து செய்கிறார்கள். இதுவரை பயன் பெற்றவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 1994-ல் தென்னாப்பிரிக்காவும் பெலோபெப்பா என்ற பெயரில் இப்படி ஒரு ரயிலைத் தொடங்கியது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு சின்ன ஸ்டேஷன் சைடிங்கில் அந்த ரயில் நின்றிருந்தபோது, பெட்டி ஒன்றின் ஸ்பிரிங்கைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். பக்கத்து லைனில் கூட்ஸ் வண்டி போனால் ஆபரேஷன் மேஜை லேசாக அதிர்கிறது என்பது டாக்டரின் குறை. ரயில் பெட்டியை ஓட வைக்கப் படித்தவனுக்கு, அதை அசையாமல் நிறுத்தி வைக்கும் வேலை! சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்பிரிங்குகளுக்கு இடையில் மரத்துண்டுகளைச் செருகி ஓரளவு அடக்கினோம். ஸ்டேஷன் மாஸ்டர் கூட்ஸ் வண்டி வருமுன் ஆள் அனுப்பிச் சொல்ல ஏற்பாடாயிற்று. டாக்டர் அந்த இரண்டு நிமிடம் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

கிளம்பும்போது பிளாட்பாரத்தில் ஒரு ஆதிவாசித் தாயைப் பார்த்தேன். உதட்டுப் பிளவு தைக்கப்பட்ட தன் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ரயில் வராவிட்டால் அவள் எந்த ஊருக்கு, எந்தக் காசில், எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டுப் போயிருப்பாள்? பிள்ளைக்கு ஐந்து வயதிருக்கும். அவளைப் பொறுத்தவரை வைத்தியம் ஐந்து வருஷம் லேட்டாக வந்தது. இருந்தாலும் வந்ததே!

இதே தத்துவம்தான் இப்போது பக்கவாதத்துக்கும் வந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குள்ளேயே சி.டி. ஸ்கேனை வைத்து நோயாளியின் வாசலுக்கு அனுப்பலாம் என்று ஜெர்மானிய டாக்டர் கிளவுஸ் ஃபாஸ்பெண்டர் 2003-ல் யோசனை சொன்னார். 2008-ல் ஹோம்பர்க் நகரில் அந்த வண்டி ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் அசாமின் திப்ருகர் பகுதியில் ஐ.சி.எம்.ஆர். இத்தகைய வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஸ்கேன் போய் நிற்கிறது என்றால், எனக்கு அந்தச் சைடிங் ரயில்தான் கண்ணில் தெரிகிறது.

கூப்பிட்ட குரலுக்கு

எங்கள் உத்தியோகத்தில் விபத்து நிவாரண மருத்துவ வண்டி என்று ஒன்று உண்டு. எப்போதும் எல்லாப் பொருள்களோடும் தயாராக நிற்கும். ஹூட்டர் ஊதினால் சாப்பிட்ட கை காயாமல் ஓடுவோம். இருபுறமும் வெளியேற வழியுள்ள சைடிங்கில் நிற்கும் வண்டி 15 நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும் என்பது விதி. ரயிலில் போகிறவனுக்கு இருந்த இந்த ஏற்பாடு ரோட்டில் போகிறவனுக்கு வெகுகாலம் இல்லை. ஆம்புலன்ஸ் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு நம்பர். வந்தால் உண்டு, வராவிட்டால் ஆட்டோ.

2005 ஆகஸ்ட் 15-ல் ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியபிறகு இது மாறியது. தமிழ்நாட்டுக்கு 2008-ல் வந்தது. நம் மகாராஷ்டிரத்தில் 2014-ல் 937 ஆம்புலன்ஸ்களோடு தொடங்கியது. இங்கே வண்டியில் டாக்டரும் இருப்பார் என்பது சிறப்பு. காசு கிடையாது. இவ்வளவு இருந்தும் அன்று காலை 108 என்ற மூன்று எண்கள் எனக்கு ஞாபகம் வரவில்லை. புனேக்கு டயல் செய்தேன். கண் எதிரே இருந்த ஹூட்டரை விட்டுவிட்டு ஊருக்குக் கடிதம் போட்ட கதை!

டாக்டரும் மாத்திரையும் வீட்டுக்கு வந்தால்

மூன்றாவது வழி, டாக்டர் இருந்த இடத்தில் இருக்க, அவர் கண்ணும் காதும் மட்டும் பிரயாணம் செய்வது. 2000-ல் ஆந்திராவின் ஆரகொண்டா கிராமத்தில் அப்போலோ நிறுவனம் இந்தத் தொலைமருத்துவத்தைத் தொடங்கியது. அன்று அது வேடிக்கை போலத்தான் தெரிந்தது. கொரோனா வந்தபோது வேறு வழியில்லாமல் போயிற்று. மத்திய அரசின் இ-சஞ்ஜீவனி 2019-ல் தொடங்கி, 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தே டாக்டரைக் கேட்கும் வசதியும் தந்தது. 25 கோடி ஆலோசனைகளுக்கு மேல் நடந்துவிட்டன. கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் அருகில் இருந்து பிரஷர் பார்த்துச் சொல்ல, எங்கோ உள்ள டாக்டர் மருந்து எழுதுகிறார்.

இங்கே என் வீட்டுக் கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதியைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குப் பிரஷர் உண்டு. அந்த டிசம்பரில் அவள் மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாத்திரைக்கு அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். கொரோனா பயம் வேறு. "அடுத்த வாரம் போகலாம்" என்றாள். நானும் சரி என்றேன். பக்கவாதத்துக்கு முதல் காரணம் கட்டுப்படாத ரத்த அழுத்தம் என்பது இன்று எனக்கு மனப்பாடம்.

லால்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் ஊழியர் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். "உன் தம்பி பொண்டாட்டிக்கு ஒரு பொட்டலம் வாங்கி அனுப்பட்டுமாடா?" என்று அக்கா போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நோய் வந்தபின் 20 நிமிடத்தில் ஊசி போடுவது சாமர்த்தியம்தான். மாதா மாதம் மாத்திரை வாசலுக்கு வந்து, நோயே வராமல் இருந்தால் அது அதைவிடப் பெரிய சாமர்த்தியம்.

இரண்டாம் முறை

2023 மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணி. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து கதவைத் தட்டினார். "அண்ணா, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது!" போய்ப் பார்த்தேன். பாவ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சிரிக்கச் சொன்னேன், வாய் கோணியது. இரு கைகளையும் தூக்கச் சொன்னேன். இடது கை கீழே இறங்கியது. பெயரைச் சொல்லச் சொன்னேன், குழறியது. டி.வி.யில் ஒன்பதே கால் வரை பேசிக்கொண்டே செய்தி பார்த்தார் என்றார் அந்த அம்மாள். 9.15 என்று என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இரவிலும் சி.டி. ஸ்கேனும் நரம்பியல் டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரிகளின் நம்பர்கள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் தயாராக இருந்தன. 'பக்கவாதம் போலிருக்கிறது, 9.15-க்கு நன்றாக இருந்தார், வயது 64, ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடவில்லை, அரை மணியில் வருகிறோம்' என்று சொன்னேன். அவர் சாப்பிடும் மருந்துச் சீட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டேன். 10.15-க்கு ஆஸ்பத்திரி. 10.30-க்கு ஸ்கேன். 10.50-க்கு ஊசி. மொத்தம் 95 நிமிடம். ஹெல்சிங்கிக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்களுக்குப் போதும்.

ஆறாம் நாள் அவர் தன் காலால் நடந்து லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். என் மனைவி இடது கையால் டிகாக்ஷன் இறக்கி அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அன்று காலை சட்டைகூட மாற்றாமல் காரை எடுத்தவர் அவர். அவர் செய்ததற்கு நான் கைம்மாறு செய்ததாக அவர் சொன்னார். அவள் விஷயத்தில் தவறவிட்டதை அவர் விஷயத்தில் பிடித்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாம் செய்ய வேண்டியது

திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து உதவுகிறவர். நான்காவது ஆளை நாம் அதிகம் நினைப்பதில்லை. டாக்டரும் மருந்தும் நம் கையில் இல்லை. உதவுகிறவராக இருப்பது நம் கையில் இருக்கிறது.

நம் சங்கத்தில் வயதானவர்கள் அதிகம். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. ஓய்வு பெற்ற நாம் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் அருகில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் போய் நான்கு கேள்விகள் கேட்போம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சி.டி. ஸ்கேன் உண்டா? அந்த நேரத்தில் பக்கவாத ஊசியை முடிவு செய்யும் டாக்டர் வருவாரா? ஊசி ஸ்டாக்கில் இருக்கிறதா? முன்கூட்டித் தகவல் சொல்ல எந்த நம்பர்? பதில்களை ஓர் அட்டையில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்போம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரி பார்ப்போம். பழைய டைம்டேபிளை நம்பி ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது அல்லவா?

அட்டையின் பின்புறம் நான்கு வரிகள் போதும். முகம் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறி. உடனே 108-ஐக் கூப்பிடு. மகனுக்குப் போனை ஆம்புலன்ஸில் ஏறியபின் செய்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "அந்த 70 நிமிஷத்தை எழுதணுமா? எல்லாரும் உங்களைத்தானே குறை சொல்வார்கள்?" என்றாள். எழுதத்தான் வேண்டும் என்றேன். டிடென்ஷன் கணக்கில் தன் நிமிடத்தை மறைக்கிறவன் ரயில்வேக்காரன் இல்லை.

இப்போது அவள் இடது கையால் கோலம் போடப் பழகிவிட்டாள். புள்ளிகள் கொஞ்சம் கோணலாகத்தான் விழுகின்றன. தினமும் காலை அவள் வாசலிலிருந்து உள்ளே வரும்வரை நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.